பதினைந்தடி மண்

விடியற்காலையில் ஏரிப் பள்ளத்தின் சவுட்டு மண் குளிர்ந்து கிடக்கும். கடப்பாரைக்குக் கொஞ்சம் இணங்கி வரும். வெயில் ஏறிவிட்டால் அதே மண் கருங்கல்லாய் இறுகி, குத்துகிறவனின் தோளையே திருப்பி அடிக்கும். அதனால் கள்ளிக்குப்பத்து மண்வெட்டும் செட்டு கிழக்கு வெளுக்குமுன்னே பள்ளத்தில் இறங்கிவிடும்.

வேம்புலி கரைமேல் நின்று குத்துவான். இரண்டு ஆள் உயரத்துக்குச் செங்குத்தாய் வெட்டிய மண்சுவர் அது. அதன் விளிம்பில் ஒரு சாண் உள்ளே தள்ளிக் கடப்பாரையை இறக்கி, உடம்பின் பாரத்தையெல்லாம் அதன் தலையில் போட்டு நெம்புவான். மண் முதலில் முனகும். பிறகு ஒரு மயிர்க்கோடு ஓடும். "ஒத்திக்க" என்று அவன் குரல் கொடுத்ததும் கீழே நிற்பவர்கள் விலகுவார்கள். ஒரு வண்டி மண் சரிந்து விழும். புழுதி அடங்குமுன்பே மண்வெட்டிகள் பாய்ந்து பாண்டுச் சட்டிகளை நிரப்பும். பெண்கள் தலையில் சும்மாடு வைத்து, பாண்டைச் சுமந்து, சரிவாய்ச் சாத்திய பலகைமேல் ஏறி லாரியில் கொட்டுவார்கள்.

வேம்புலியின் மனைவி லோகநாயகிக்குப் பதினோரு வருஷமாக அதுதான் வேலை. பலகையில் எத்தனையாவது எட்டில் பலகை நெளியும் என்று அவள் பாதத்துக்குத் தெரியும். கழுத்து நரம்பு இரண்டும் கயிறாய்ப் புடைத்திருந்தன. ஒரு காலத்தில் இந்த ஏரித் தண்ணீரில் விளைந்த நிலத்தில் அவள் நாற்று நட்டாள். நிலமெல்லாம் மனையானது. இப்போது ஏரியையே வெட்டி முகப்பேர்ப் பக்கம் பள்ளத்து மனைகளைத் தூர்க்க அனுப்பிக்கொண்டிருந்தாள்.

ஆவடி டாங்கி பேக்டரியின் சங்கு ஊதும்போது நாலு லாரி நிரம்பிப் போயிருக்க வேண்டும். அந்த 1993ஆம் வருஷத்துக் கோடையில் ஒரு லாரி போனாலே பெரிது என்றாகிவிட்டது. மனைகள் இன்னும் பள்ளமாய்த்தான் கிடந்தன. மண்ணும் இருந்தது. லாரி மட்டும் வரவில்லை. ஏன் என்று கேட்டால், "வரும், வரும்" என்பான் கஜபதி.

கஜபதி லோகநாயகியின் தம்பி. அம்மா செத்தபோது அவனுக்கு ஆறு வயது. அவள் நாற்று நட்டும் பாண்டு சுமந்தும் அவனை ஒன்பதாவது வரைக்கும் படிக்க வைத்தாள். எழுதப் படிக்கத் தெரிந்தவன் என்று செட்டு அவனையே மேஸ்திரியாக்கியது. குத்தகைக்காரர் சண்முகசுந்தரத்திடம் போய்ப் பேசி வருவது அவன் பொறுப்பு. அவன் வந்து சொல்வதுதான் செட்டுக்குச் சேதி.

ஏரியின் மேல்பாதியில் சேக்காட்டு செட்டு வெட்டியது. அவர்களுக்குத் தலைவர் துலுக்கானம். இரண்டு செட்டுக்கும் நடுவே சுண்ணாம்பு அடித்த மூன்று கல் நின்றது. ஏழு வருஷத்துக்கு முன் துலுக்கானமும் வேம்புலியும் நேருக்கு நேர் நின்று நட்ட கல். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் முறைத்துக்கொள்வார்கள், வாய்க்கு வந்ததைப் பேசிக்கொள்வார்கள், ஆனால் கல்லைத் தாண்டி ஒருவனும் கடப்பாரை போட்டதில்லை.

ஒரு திங்கட்கிழமை காலை கள்ளிக்குப்பத்தார் பள்ளத்தில் இறங்கியபோது மூன்று கல்லும் இடம் மாறியிருந்தன. பதினைந்தடி கிழக்கே, இவர்கள் பக்கம். கல்லும் சரளையும் கலக்காத, லாரிக்காரன் தேடி வந்து ஏற்றும் நல்ல மண் இருந்த பதினைந்தடி அது.

"நான்தான் அப்பவே சொல்லிகினு இருந்தேனே மாமா," என்றான் கஜபதி வேம்புலியிடம். "லாரி கொறஞ்சிட்ச்சுன்னு அவனுங்களுக்கு வவுத்தெரிச்சல். நேத்து சாயங்காலம் கல்ல பேத்துகினு இருந்தத என் கண்ணால பார்த்தேன். கேக்கப் போனா மம்முட்டிய தூக்கினு வர்றானுங்க."

அன்று பத்து மணிக்குச் சண்முகசுந்தரம் ஜீப்பில் வந்தார். வெள்ளைச் சட்டைக்காரர். கீழே இறங்கவில்லை. வேம்புலி தலையிலிருந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு ஜீப்பருகே போனான்.

"மொதலாளி, கல்லு எங்க இருந்துச்சுன்னு உங்களுக்குத் தெரியும். அவுங்களாண்ட ஒரு வார்த்த சொல்ட்டுப் போங்க."

"கல்லு நட்டது நீங்க. நானா நட்டேன்?" என்றார் அவர். "ஏரி சர்க்காரோடது. குத்தகை என்னோடது. நடுவுல உங்க எல்லை எனக்கு எதுக்குப்பா?"

"அப்ப நாளிக்கு லாரி எந்தப் பக்கம் வந்து நிக்கும்?"

"எந்தப் பக்கம் மண்ணு தயாரா இருக்கோ அந்தப் பக்கம்."

ஜீப் திரும்பிப் போயிற்று.

அன்று சாயங்காலம் வேம்புலி ஒரு வாய் சோறுகூட இறங்காமல் உட்கார்ந்திருந்தான். "துலுக்கானத்தாண்ட நேரா போய்க் கேட்டுட்டு வந்துடட்டா?" என்று ஒருமுறை கேட்டான். லோகநாயகிதான் தடுத்தாள். "கல்ல பேத்தவன்கிட்ட போயி இன்னா கேப்பே? நம்ம எடத்துல நாளிக்குக் கடப்பாரைய போடு. அத்த வுட்டுக் குட்த்துட்டு என் மூஞ்சில முழிக்காதே" என்றாள். அந்த வார்த்தையைப் பின்னால் எத்தனையோ முறை அவள் நினைத்து நினைத்து நொந்தாள். அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது.

மறுநாள் விடியலில் வந்த முதல் லாரி நேராக அந்தப் பதினைந்தடியில் போய் நின்றது. இரண்டு செட்டும் இரண்டு பக்கமிருந்தும் ஓடின. யார் முதலில் அடித்தது என்று கடைசிவரை யாருக்கும் தெரியாது. மண்வெட்டிக் காம்புகள் மோதின. பாண்டுகள் பறந்தன. பெண்கள் சும்மாட்டுத் துணியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கினார்கள். "பேசுனத மாத்துறியாடா, பேசுனத மாத்துறியாடா" என்று துலுக்கானம் கத்தியது வேம்புலியின் காதிலும் லோகநாயகியின் காதிலும் விழுந்தது. எந்தப் பேச்சு என்று நினைக்க அவனுக்கு நேரமில்லை. துலுக்கானத்தின் தம்பி கங்காதரன் லாரியின் பின்பலகையைப் பிடித்து ஏறப் போனான். வேம்புலி கடப்பாரையை வீசினான். மண்ணில் குத்துகிற அதே வீச்சு.

முட்டியில் பட்டது. காய்ந்த மட்டை முறிகிற சத்தம். கங்காதரன் கத்தவில்லை. களைத்துப்போனவன்போல் அப்படியே உட்கார்ந்தான். பிறகுதான் தன் காலைப் பார்த்தான்.

வேம்புலி கடப்பாரையைக் கீழே போட்டுவிட்டு, "ஐயோ, தூக்குங்கடா, தூக்குங்க" என்று அவனே முதலில் குனிந்தான். சேக்காட்டார் அவனை அண்டவிடவில்லை.

போலீஸ் வந்து வேம்புலியையும் இன்னும் மூன்று பேரையும் கொண்டுபோயிற்று. பூந்தமல்லி சப்-ஜெயிலில் வைத்தார்கள். ஏரியில் இரு தரப்புக் கூலியாட்களும் கலகம் செய்வதால் மறு உத்தரவு வரை யாரும் பள்ளத்தில் இறங்கக் கூடாது என்று சண்முகசுந்தரத்தின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனான். இரண்டு ஊரிலும் கடப்பாரைகள் சுவரில் சாய்ந்து கிடந்தன.

ஒன்பதாம் நாள் லோகநாயகி நாலு சாத்துக்குடி வாங்கிக்கொண்டு பெரியாஸ்பத்திரிக்குப் போனாள். பச்சாதாபத்தால் மட்டும் போனாள் என்று சொல்வதற்கில்லை. அடிபட்டவன் கொஞ்சம் மனசு வைத்தால் புருஷன் ஜாமீனில் வருவான் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அந்த ஆசையும் கூடவே போயிற்று.

கங்காதரன் இடுப்பிலிருந்து பாதம்வரை மாவுக்கட்டோடு கிடந்தான். கட்டிலோரம் தரையில் அவன் மனைவி முனியம்மா உட்கார்ந்திருந்தாள். பள்ளத்தில் எத்தனையோ நாள் எதிரெதிரே பாண்டு சுமந்திருக்கிறார்கள். ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

"இன்னா, காலு கீதா பூட்ச்சான்னு பாக்க வந்தியா?" என்றாள் முனியம்மா. "கீது. ஆனா முட்டி இனிமே மடங்காதாம். மடங்காத கால வெச்சுகினு எந்தப் பள்ளத்துல எறங்குவாரு?"

லோகநாயகி சாத்துக்குடிப் பையைக் கட்டிலடியில் வைத்தாள். முனியம்மா அதைக் காலால் தள்ளிவிட்டாள்.

"உன்னாண்ட பேச எனக்கு மூஞ்சி இல்ல," என்றாள் லோகநாயகி. "அந்தாளு செஞ்சது தப்புதான். நான் இல்லேங்கல. ஆனா நீங்க கல்ல நவுத்தாம இருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்குமா?"

முனியம்மா அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு நவுத்துனது? உன் தம்பிதானே ஞாயித்துக்கெயம வந்து டேப்பு புட்ச்சு அளந்து குட்த்தான்?"

"எந்தத் தம்பி?"

"உனுக்கு எத்தினி தம்பி கீறானுங்க? மேஸ்திரி கஜபதி. 'மாமா ஒத்துகினாரு, அக்காவும் சரின்னுட்ச்சு. எங்குளுக்கு மொதலாளி வேற எடம் தர்றேன்னுகீறாரு, இந்தப் பதினஞ்சடிய நீங்க எட்த்துக்கங்க'ன்னான். எங்க ஊட்ல குந்தி டீ குட்ச்சுட்டுதான் போனான். ரெண்டே நாள்ல நீங்க கடப்பாரைய தூக்கினு வர்றீங்க."

"இல்ல" என்றாள் லோகநாயகி.

கட்டிலில் கிடந்த கங்காதரன் கண்ணைத் திறந்தான். "கல்ல பேத்து நட்டது நான்தான்மா," என்றான் மெதுவாக. "உன் தம்பி பக்கத்துல நின்னு இங்க நடு, அங்க நடுன்னான். அவனே சுண்ணாம்பு பூசுனான்."

அவன் குரலில் கோபமே இல்லை. அதுதான் அவளை நம்ப வைத்தது. செவ்வாய்க்கிழமை விடியலில் வயிற்றுவலி என்று சொல்லிக் கஜபதி பள்ளத்துக்கு வராமல் இருந்தது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. துலுக்கானம் கத்திய பேச்சின் அர்த்தமும் விளங்கியது.

திரும்பும் பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய், இரண்டு ஸ்டாப் நடந்து வந்தாள். அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் மண் சரிந்து அடைத்துக்கொண்டதுபோல் இருந்தது. அடித்தவன் எதிரி என்றால் திட்டலாம். இவனுக்குத் தலைவாரிப் பள்ளிக்கூடம் அனுப்பியவள் அவள். எந்த வார்த்தையால் திட்டுவது?

வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஏரிக்குப் போனாள். ஏரியில் வேலையே இல்லை என்றல்லவா சொல்லியிருந்தார்கள்? பள்ளத்தின் நடுவே மஞ்சள் நிறத்தில் ஒரு பொக்லைன் நின்றது. அதன் கை ஒரு மடக்கு மடக்கி அள்ளியது, பத்துப் பெண்கள் பலகையேறிக் கொட்டுகிற மண். மூன்றே அள்ளில் லாரி பாதி நிரம்பியது. பின்னால் ஆறு லாரி வரிசையாய்க் காத்திருந்தது. பக்கத்தில் புதிதாய்ப் போட்ட தகரக் கொட்டகையில் கஜபதி நாற்காலியில் உட்கார்ந்திருந்தான்.

அவளைப் பார்த்ததும் எழுந்தான். "துன்னியாக்கா?" என்று கேட்டான்.

"ஞாயித்துக்கெயம சேக்காட்டுக்குப் போனியாடா?"

அவன் பொக்லைனைப் பார்த்தான். அதன் சத்தத்தில் கேட்கவில்லை என்பதுபோல் நின்றான். அவள் இன்னொரு முறை கேட்கவில்லை. அப்படியே நின்றாள்.

"மிஷினு வரும்னு தையிலயே முடிவாய்ட்ச்சுக்கா," என்றான் கடைசியில். "சும்மா போங்கன்னா நீங்க போவீங்களா? ரெண்டு செட்டும் சேந்து லாரி வர்ற வயிலயே குந்திகினா இன்னா பண்றது? சண்டை சச்சரவுன்னு ஆச்சுன்னா ஆளுங்கள ஏறக்கட்டிடலாம்னு மொதலாளி சொன்னாரு. சும்மா கைகலப்புதான் ஆவும்னாரு. காலு போவும்னு சத்தியமா எனக்குத் தெரியாது."

"உனக்கு இன்னா தர்றேன்னான்?"

"மிஷினுக்கு சூபர்வைசர் வேல." தலை குனிந்திருந்தது. "நான் செய்யாட்டி வேற எவனாச்சும் செஞ்சிருப்பான். நம்ம ஊட்ல ஒருத்தனாச்சும் பொயச்சுக்கட்டும்னுதான்..."

"நம்ம ஊடா? உன் மாமன் எந்த ஊடு?"

அவன் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டான்.

"இப்ப என்னாண்ட சொன்னத ஸ்டேசன்ல வந்து சொல்லு."

"என்னிய உள்ள தள்ளிடுவாங்கக்கா."

"அவுரு உள்ளதான்டா கீறாரு. உன் பேச்சக் கேட்டுட்டுதான் கீறாரு."

அடிக்கக் கை ஓங்கினாள். அடிக்கவில்லை. ஆறு வயதில் இருந்த அதே சுழி அவன் நெற்றியில் இருந்தது. அதைப் பார்க்க முடியாமல் திரும்பி நடந்தாள்.

அன்று பிற்பகல் கள்ளிக்குப்பத்தில் தண்ணீர்க் குழாயடியில் வைத்து எல்லாரிடமும் சொன்னாள். தன் வாயால், தன் தம்பியைப் பற்றி. சிலர் நம்பவில்லை. "புருஷன வெளில கொணாற தம்பிய காட்டிக் குடுக்குறா" என்று ஒருத்தி முணுமுணுத்தாள். நம்பியவர்கள் கஜபதியின் காலை உடைத்துவிடலாம் என்று எழுந்தார்கள்.

"ஒரு காலு பூட்ச்சு, போறாதா?" என்றாள் லோகநாயகி. "அவன் காலு ஒடஞ்சா மிஷினு நின்னுடுமா? இன்னும் நாலு பேர உள்ள வெப்பாங்க. அத்தத்தான் அந்த மொதலாளி எதிர்பார்த்துகினு கீறான். நான் சேக்காட்டுக்குப் போறேன். கூட வர்றவங்க வாங்க."

ஐந்து பெண்கள் வந்தார்கள்.

துலுக்கானம் வீட்டு வாசலில் நின்றுகொண்டே கேட்டார். உட்காரச் சொல்லவில்லை. அவள் சொல்லி முடித்ததும், "நாங்களும் ஏமாந்தோம், நீங்களும் ஏமாந்தீங்க. அதுக்காவ என் தம்பி காலு திரும்ப வந்துடுமா?" என்றார்.

"வராது அண்ணாத்தே."

"உன் புருஷன் பேர என் ஊட்ல சொல்லாத."

"சொல்லல. மிஷினப் பத்தி பேசத்தான் வந்தேன். நீங்க தனியா போனாலும் மொதலாளி தொரத்துவான், நாங்க தனியா போனாலும் தொரத்துவான். அவ்ளோதான்."

அவர் உள்ளே போய்விட்டார். ஆஸ்பத்திரியிலிருந்து துணி மாற்ற வந்திருந்த முனியம்மா வாசலுக்கு வந்தாள். "காலீல நான் ஏரியாண்ட போறேன்," என்றாள் தெருவில் கூடியிருந்த தன் ஆட்களைப் பார்த்து. "யாரு வந்தாலும் வராட்டியும் நான் போறேன்." லோகநாயகியின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

மறுநாள் சூரியன் கிளம்பும்போது பள்ளத்துக்கு லாரி இறங்குகிற சரிவில் கள்ளிக்குப்பத்தார் ஐம்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கையில் மண்வெட்டியோ கடப்பாரையோ வேண்டாம் என்று லோகநாயகி கண்டிப்பாய்ச் சொல்லியிருந்தாள். வெறுங்கையோடு அந்தச் சரிவில் இருப்பது அவர்களுக்கே புதிதாய் இருந்தது. மேலே லாரிகள் ஒவ்வொன்றாய் வந்து நின்று இஞ்சினை அணைத்தன. கொஞ்ச நேரம் கழித்து மேற்குக் கரைமேல் ஆட்கள் தெரிந்தார்கள். முன்னால் முனியம்மா. கடைசியில், எல்லாருக்கும் பின்னால், துலுக்கானம். அவர்கள் வந்து சரிவின் மறுபாதியில் உட்கார்ந்தார்கள். இரண்டு கூட்டத்துக்கும் நடுவே ஒரு லாரி போகிற அளவுக்கு இடம் கிடந்தது.

சண்முகசுந்தரம் வந்தார். இந்த முறை ஜீப்பிலிருந்து இறங்கினார்.

"என்ன இது? அன்னைக்கு அடிச்சுக்கிட்டீங்க, இன்னைக்குக் கூடிக்கிட்டீங்களா?"

"அடிச்சுக்க வெச்சது யாருன்னு தெரிஞ்சுபோச்சு மொதலாளி," என்றாள் லோகநாயகி. "மிஷின வெளிய எடுங்க. கை வேலைக்கு எங்கள வெச்சுதான் இந்த ஏரிய இத்தினி வருசமா வெட்டுனீங்க."

"உன் தம்பியைக் கேளும்மா, மிஷின் எதுக்குன்னு அவன் சொல்வான்."

"கேட்டேன். எல்லாத்தையும் சொல்ட்டான்."

சண்முகசுந்தரம் கொட்டகைப் பக்கம் பார்த்தார். கஜபதி அங்கே இல்லை. அவர் குரலைத் தணித்துக்கொண்டு துலுக்கானத்தை நோக்கி நடந்தார்.

"துலுக்கானம், உங்க பக்கம்தான் அடி வாங்கியிருக்கீங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம். சரிவு ஓரம் மிஷின் போகாத இடத்துக்கு எனக்கு ஒரு செட்டு வேணும். ஒண்ணுதான். உன் ஆளுங்களைக் கூட்டிக்கிட்டு இப்பவே எறங்கு. தம்பிக்கு வைத்தியமும் நான் பாத்துக்கறேன். உன் தம்பி காலை ஒடைச்சவன் பொண்டாட்டியோட சேர்ந்து நீ உக்காரலாமா?"

லோகநாயகி துலுக்கானத்தையே பார்த்தாள். வேண்டாம் என்று கெஞ்சுவதற்கு அவளுக்கு உரிமை இல்லை. அவர் எழுந்து போனால் தப்பு என்று சொல்லவும் அவளுக்கு நாக்கு இல்லை. தன் பக்கத்து ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது தெரிந்தது. தன் சொந்தத் தம்பியே விலைபோன பிறகு, முந்தாநாள் வரை எதிரியாய் இருந்தவரை எதைக்கொண்டு நம்புவது?

துலுக்கானம் எழுந்தார். லுங்கியைத் தட்டிவிட்டு மடித்துக் கட்டினார்.

"என் தம்பி காலு வேம்புலி கணக்கு," என்றார். "அவன் வெளில வரட்டும், அத நான் அவனாண்ட கேட்டுக்கறேன். அத்த எங்கிட்ட காட்டி நீ வியாபாரம் பண்ணாத. அன்னிக்கு ஒருத்தன் எங்கூட்டு டீயக் குட்ச்சுட்டு இதே மாதிரிதான் பேசுனான்."

"நல்லா யோசிச்சுக்கோ. அப்புறம் வருத்தப்படுவே."

"வருத்தந்தான் படறேன். அன்னிக்கே வேம்புலிகிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். கேக்காம பூட்டேன்."

அவர் மறுபடி உட்கார்ந்தார்.

சண்முகசுந்தரம் வரிசையாய் நின்ற லாரிகளைப் பார்த்தார். பிறகு, "ஸ்டேஷன்ல பேசிக்கலாம்" என்று சொல்லி ஜீப்பில் ஏறிப் போனார். பொக்லைன் ஓட்டுகிறவன் எதற்கும் இருக்கட்டும் என்று சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நிழல் தேடிப் போனான்.

வெயில் ஏறியது. எதுவும் முடியவில்லை. வேம்புலி உள்ளேதான் இருந்தான். கங்காதரனின் முட்டி மடங்காது. நாளைக்கு அடுப்பு எரிவது எப்படி என்று இரண்டு பக்கமும் யாருக்கும் தெரியாது. பதினோரு மணிக்குக் கரைமேல் புழுதி எழுந்தது. போலீஸ் வேன் ஒன்றும், பின்னாலேயே இன்னொன்றும் வந்துகொண்டிருந்தன. கூட்டத்தில் சிலர் எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

முனியம்மா திரும்பி, நடுவே கிடந்த வெற்றிடத்தைப் பார்த்தாள். பிறகு முதல்முறையாக லோகநாயகியின் கண்ணைப் பார்த்தாள்.

"இன்னாமே அங்கியே குந்தினுகீறே?" என்றாள். "இப்டி ஒட்டி வா. எடவெளி வுட்டா நடுவுல பூந்துடுவானுங்க."

லோகநாயகி எழுந்து போய் அவள் பக்கத்தில், தோள் இடிக்க உட்கார்ந்தாள். அவளுக்குப் பின்னால் கள்ளிக்குப்பத்தார் ஒவ்வொருவராய் நகர்ந்து வந்தார்கள்.